சும்மா இருக்க விடுங்கள்!

சென்ற வாரம் என் பேரனோடு ஒரு வாக்குவாதம். அவனுடைய லினக்ஸ் மடிக்கணினி மேசையில் சும்மா கிடந்தது. யாரும் தொடவில்லை, ஆனாலும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருந்தது. கேட்டால், "கம்ப்யூட்டர் எப்பவுமே பிஸியாத்தான் இருக்கும் தாத்தா. புதுசு வாங்கிடலாம்" என்கிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். 'எப்பவும் பிஸி' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

நான் படித்த பிரெஞ்சில் கணினிக்குப் பெயர் 'ஒர்தினத்தேர்'. 1955-ல் ழாக் பெரே என்ற பேராசிரியர் கொடுத்த பெயர். ஒழுங்குபடுத்துபவன் என்று பொருள். அந்த ஒழுங்குக்கு ஆதாரம் ஒரு சின்ன கடிகாரச் சில்லு. பழைய பி.சி.யில் அது நொடிக்குச் சுமார் 11,93,182 முறை துடிக்கும். 65,536 துடிப்புக்கு ஒருமுறை, அதாவது நொடிக்குச் சுமார் 18 தடவை, மணி அடிக்கும். மணி கேட்டதும் செயலி கைவேலையை அப்படியே வைத்துவிட்டு கர்னலிடம் போகும். இதுதான் இன்டரப்ட்.

இந்த மணி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 3.1 காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிரலும் தானாக இடம் விட்டால்தான் அடுத்ததற்கு முறை வரும். ஒன்று பிடிவாதம் பிடித்தால் திரை முழுக்க உறைந்து நிற்கும். இன்றைய கர்னல் மணியை வைத்து, "உன் நேரம் முடிந்தது, எழுந்திரு" என்று சொல்லிவிடுகிறது. நல்லதுதான்.

ஆனால் ஆளில்லாத அறையில் மணி எதற்கு? லினக்ஸ் கர்னல் முதலில் நொடிக்கு 100 தடவை அடித்தது, பிறகு பி.சி.களில் 1000 ஆக்கினார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடி! 2007-ல் 2.6.21 பதிப்பில்தான் புத்தி வந்தது. வேலை இல்லையென்றால், அடுத்த வேலை எப்போது என்று பார்த்து, அந்த நேரத்துக்கு மட்டும் மணி வைத்துவிட்டு செயலியைத் தூங்க விட்டார்கள்.

கர்னல் திருந்தியது, நிரல் எழுதுகிறவர்கள் திருந்தினார்களா? விண்டோஸில் வழக்கமாக நொடிக்கு 64 மணி. ஏதோ ஒரு நிரல் 1000 கேட்டால் இயந்திரம் முழுவதற்கும் 1000! ஒருவருடைய அவசரம் ஊருக்கே சட்டம். 2020-ல்தான் இதை மாற்றினார்கள். இன்னும் சிலர் பத்து மில்லிநொடிக்கு ஒருமுறை எழுந்து, "வந்ததா, வந்ததா?" என்று பார்க்கும்படி எழுதுகிறார்கள். விசைப்பலகைக்கும் வட்டுக்கும் வலைக்கும் தனித்தனி இன்டரப்ட் இருக்கிறதே! வந்தால் கர்னல் எழுப்பாதா?

எங்கள் அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். மணிக்கொரு முறை முன்னேற்ற அறிக்கை கேட்பார். அறிக்கை எழுதியே பாதி நாள் போகும். கோப்பு ஒன்றும் நகராது. அவரிடம் பயிற்சி பெற்றவர்கள்தான் இந்த நிரல்களை எழுதுகிறார்களோ?

"ஒரு கண நேர வேலைதானே?" என்பார்கள். தூங்குகிறவனை நிமிடத்துக்கொரு முறை தட்டிவிட்டு, "ஒரு கணம்தான் தட்டினேன்" என்று சொல்லிப் பாருங்கள். செயலிக்கும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவும் எழவும் நேரமும் மின்சாரமும் செலவாகிறது. அடிக்கடி தட்டினால் அது ஆழ்ந்து தூங்கவே முடியாது.

கடைசியில் பேரனை உட்காரவைத்து, பவர்டாப் என்ற இலவசக் கருவியை ஓட்டச் சொன்னேன். செயலியை யார் யார் எத்தனை தடவை எழுப்புகிறார்கள் என்று அது பட்டியல் போடும். முதலிடத்தில் இருந்தது, கல்லூரி ப்ராஜெக்டுக்காக அவனே எழுதிய நிரல்! ஒரு கோப்பு மாறிவிட்டதா என்று நொடிக்கு நூறு தடவை பார்த்துக்கொண்டிருந்தது. மாறினால் கர்னலே சொல்லும் வசதி லினக்ஸில் உண்டு என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறான். புது மடிக்கணினிப் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.