களிமண்ணும் கண்ணாடிப் பூச்சும்

“பொதுத் தேர்வு எழுதப் போகும் பெண்ணுக்கு மண் விளையாட்டா?” சென்ற கோடை விடுமுறையில் என் அம்மா கேட்ட கேள்வி இது. பதில் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை. இன்று சொல்லுகிறேன்.

என் அப்பத்தாவின் ஊர் மானாமதுரைக்கு அருகில் உள்ளது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மண்பாண்டங்கள் மானாமதுரையினுடையவை. கடம் வாசிப்போர் தேடி வாங்குவதும் அவ்வூர்க் கடத்தைத்தான். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வேளார் தாத்தாவிடம் ஒரு கூடைக் களிமண் வாங்கி வந்து, வீட்டுத் திண்ணையில் ஐந்து குவளைகள் செய்தேன். சக்கரம் இல்லை, மண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, ஈரக்கையால் தடவிச் சேர்த்தேன்.

“நல்லாப் பிசை தாயி, நிழலிலே காய விடு” என்று தாத்தா சொல்லியிருந்தார். நானோ பொறுமையின்றி வெயிலில் வைத்தேன். மூன்று குவளைகள் வெடித்துவிட்டன. மீதி இரண்டைச் சூளையில் வைக்கக் கொடுத்தேன். “காய்ந்துவிட்டதா?” என்று கேட்டதற்கு “ஆமாம்” என்றேன். உள்ளே ஈரம் இருந்தது. நெருப்பில் அந்த ஈரம் ஆவியாகி, ஒரு குவளை சிதறியது. அத்துடன் பக்கத்தில் இருந்த தாத்தாவின் பானை ஒன்றும் உடைந்தது. பணம் கொடுக்கப் போனேன். “போ தாயி, அடுத்த தடவை பொறுமையாச் செய்” என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். பதறாத காரியம் சிதறாது என்ற பழமொழியை எத்தனையோ முறை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதன் பொருளை அன்றுதான் கற்றேன்.

பிழைத்த ஒரே குவளைக்குப் பளபளப்பு வேண்டுமே! கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டைப் பூசினேன். அதில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குடிக்கப் போனபோது அப்பா தடுத்தார். பெயிண்ட் வேறு, ‘கிளேஸ்’ எனப்படும் கண்ணாடிப் பூச்சு வேறு என்று பிறகு படித்து அறிந்தேன். மணலில் உள்ள சிலிக்காவை, அதை உருகச் செய்யும் பொருள்களோடும் களிமண்ணோடும் நீரில் கரைத்துப் பூசி, ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்டால்தான் அது உருகிக் கண்ணாடியாகப் படியும். நம் அடுப்பில் அது நடவாது. ஈயம் கலந்த பூச்சாக இருந்தாலோ புளியும் எலுமிச்சையும் ஈயத்தை உணவில் இறக்கிவிடும், அது நஞ்சு. ஆகவே தோழியரே, எந்தப் பூச்சு என்று அறியாமல் அழகுக்காகப் பூசிய பாத்திரத்தில் உணவு வைக்காதீர்கள்.

பளபளப்புக்கு நம் முன்னோர் வேறு வழி கண்டிருந்தனர். பாதி காய்ந்த பாண்டத்தைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். 2015ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடந்துவரும் கீழடியில் கிடைத்த கருப்பு சிவப்புப் பானை ஓடுகளைப் பாருங்கள். கண்ணாடிப் பூச்சு இல்லாமலே மினுமினுக்கின்றன! மேலும், பூச்சில்லாத பானையின் நுண்துளைகளில் நீர் கசிந்து ஆவியாவதால்தான் தண்ணீர் குளிர்கிறது. பூச்சு எல்லா இடத்திலும் உயர்வு என்பது தவறு.

மண்பாண்டம் செய்வது வீட்டிலே தொடங்கும் பொழுதுபோக்குத்தான். ஆனால் வீட்டிலே முடியாது. சூளைக்காக இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். இதுவே இதன் சிறப்பு என்பது என் கருத்து. “குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை” என்பார்கள். தடி எடுக்காமலே, பேரம் பேசியே அந்த உழைப்பை உடைப்பவர்கள் நாம். பீங்கான் கோப்பைக்குச் சொன்ன விலையைக் கொடுக்கிறோம். மண்பானைக்கோ பத்து ரூபாய் குறைக்கச் சொல்கிறோம். நானும் அப்படிக் கேட்டவள்தான். இனிக் கேட்க என் நாக்கு எழாது.

நம் பள்ளிக் கைவேலை வகுப்புக்கு ஆண்டில் சில நாட்களேனும் ஒரு மண்பாண்டக் கலைஞரை அழைக்க வேண்டும். உரிய ஊதியம் தந்து, ‘ஆசிரியர்’ என்றே அழைக்க வேண்டும். மதிப்பிற்குரிய தலைமை அருட்சகோதரி அவர்களுக்கு இது என் பணிவான வேண்டுகோள்.

அம்மா, இதுதான் என் பதில். அந்தக் குவளையில் இப்போது என் பேனாக்கள் இருக்கின்றன. அவசரமாகக் கணக்குப் போடும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு