கைக்கு லேசாக இருந்தால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு வாங்கியிருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். அங்கே பிள்ளைகள் இருக்கும் பெற்றோரும் படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம் வைத்திருக்கிறேன்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு நடந்தது. டெக்சாஸில் இருக்கும் ஒரு தம்பியின் வீட்டில் கேரேஜ் கதவு ஸ்பிரிங் அறுந்துவிட்டது. மாற்றிக் கொடுக்க வந்தவர் சில நூறு டாலர் கேட்டாராம். உடனே இன்னொரு தம்பி, "ஸ்பிரிங்கை ஆன்லைனில் வாங்கி நீயே மாட்டு. நான் மாட்டினேன், ரொம்ப ஈஸி" என்று ஒரு வீடியோவையும் சேர்த்து அனுப்பினார். பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். அது கஷ்டமான வேலை என்பதால் சொல்லவில்லை. 'ஈஸி' என்று சொன்ன தம்பி பொய் சொல்லவில்லை. கைக்கு அது லேசாகத்தான் இருக்கும். ஆபத்தே அந்த லேசில்தான் இருக்கிறது.

நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, ஊர்ப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் நடத்தி ஓய்வு பெற்றவள். ஆனால் இதைப் புரிந்துகொள்ள நீங்கள் என்னிடம் படித்த நெம்புகோலும் சுருள்வில்லும் போதும்.

முதலில், ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்தும் அறைக்குப் பெரிய கதவு இருக்கும். இரண்டு கார் நிற்கும் அறை என்றால் பெரும்பாலும் 16 அடி அகலம், 7 அடி உயரம். பலகை பலகையாக மேலே ஏறி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும். எடை 70 கிலோவும் இருக்கலாம், 100 கிலோவும் இருக்கலாம். பொத்தானை அழுத்தினால் மோட்டார் தூக்குகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டார் சும்மா தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் ஊர் துலாக் கிணறு உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். கழியின் ஒரு முனையில் வாளி, மறு முனையில் கல். கல்லின் பாரம் வாளியைத் தூக்கிக் கொடுக்கும். இறைப்பவருக்குச் சிரமம் குறையும். கேரேஜ் கதவில் அந்தக் கல்லின் வேலையை ஸ்பிரிங் செய்கிறது. கதவுக்கு மேலே குறுக்காக ஓர் இரும்புத் தண்டு. தண்டின் இரு முனைகளிலும் கப்பி போல உருளைகள். அவற்றிலிருந்து இறங்கும் கம்பி வடங்கள் கதவின் கீழ் மூலைகளைப் பிடித்திருக்கும். தண்டின் மேல் போர்த்தியது போல, முறுக்கேற்றிய ஸ்பிரிங் ஒன்றோ இரண்டோ இருக்கும். கதவு ஏறும்போது முறுக்கு அவிழும், இறங்கும்போது மறுபடி ஏறும்.

நம் ஊர்க் கடை ஷட்டரிலும் இதே தத்துவம்தான். மேலே சுருளும் உருளைக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. ஷட்டரைக் கீழே இழுக்கும்போது முறுக்கேறி, மேலே தள்ளும்போது கை கொடுக்கும். ஸ்பிரிங் தளர்ந்துபோன ஷட்டரைத் தூக்கப் பாருங்கள், அதுவரை யார் சுமந்தார்கள் என்று தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 100 கிலோ கதவு, ஒரே ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளையின் ஆரம் சுமார் 5 சென்டிமீட்டர். ஸ்பிரிங்கை முறுக்கப் பயன்படும் இரும்புக் கம்பியின் நீளம் 18 அங்குலம், அதாவது சுமார் 45 சென்டிமீட்டர். 45-ஐ 5-ஆல் வகுத்தால் 9. ஆக, 100 கிலோ கதவைத் தாங்கப்போகும் ஸ்பிரிங்கைக் கடைசிச் சுற்றில் முறுக்கும்போதுகூட, கம்பியின் நுனியைப் பிடித்திருக்கும் கைக்குச் சுமார் 11 கிலோதான் தெரியும். இரண்டு ஸ்பிரிங் என்றால் அதிலும் பாதி. ஒரு குடம் தண்ணீர் தூக்குகிறவருக்கு இது ஒரு பாரமா? 'ரொம்ப ஈஸி' வந்தது இப்படித்தான்.

ஆனால் உள்ளே சேர்ந்திருப்பது என்ன? 7 அடிக் கதவுக்கு ஸ்பிரிங்கைச் சுமார் ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கால் சுற்று; கம்பியை மாற்றி மாற்றிச் செருகி ஏறக்குறைய 30 தடவை. அத்தனை தடவையும் கை கொடுத்த உழைப்பு எங்கும் போய்விடாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ அரிசி மூட்டையை 2 மீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்துக்குத் தூக்கி வைத்ததற்குச் சமம் அது. அந்த மூட்டை உங்கள் முகத்துக்கு நேரே ஒரு சிறிய திருகின் பிடியில் நிற்கிறது. கம்பி நழுவினால் சிறுகச் சிறுக ஏற்றியது அத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் அவிழும். கம்பி சுழன்று வந்து கை, மணிக்கட்டு, தாடை என்று எது எதிரில் இருக்கிறதோ அதை அடிக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். கதவு மூடிச் சும்மா இருக்கும்போதுதான் முறுக்கு மிக அதிகம். அசையாமல் இருக்கிறதே என்று திருகைத் தளர்த்துகிறவர், மூட்டை உச்சியில் இருக்கும் நேரம் பார்த்துக் கயிற்றை அறுக்கிறார். கதவின் கீழ் மூலையில் வடம் மாட்டியிருக்கும் தாங்கியும் அப்படியே. சாதாரண இரும்புத் துண்டு மாதிரி இருக்கும். கதவின் பாரம் முழுவதும் அதில்தான் தொங்குகிறது.

"டீச்சர், எல்லாவற்றையும் சொந்தக் கையால் செய்து பழகு என்று சொன்னவரே நீங்கள்தானே?" என்று கேட்பீர்கள். சொன்னேன், இன்றும் சொல்கிறேன். குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், சுவருக்கு வண்ணம் அடியுங்கள், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுங்கள். தப்பு நடந்தால் தண்ணீர் ஒழுகும், சுவர் திட்டுத் திட்டாகத் தெரியும். மறுபடி செய்து கற்றுக்கொள்ளலாம். முறுக்கேறிய ஸ்பிரிங் அந்த இரண்டாவது வாய்ப்பைத் தருவதில்லை.

வீடியோ பார்த்துக் கற்பதைப் பற்றியும் ஓர் ஆசிரியையாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எங்கள் பயிற்சிக் காலத்தில் நாங்கள் பாடம் நடத்தும்போது வழிகாட்டி ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பேசினால் உடனே சொல்வார். கற்பது என்றால் நாம் ஒருவரைப் பார்ப்பது மட்டும் இல்லை, அவர் நம்மைப் பார்ப்பதும் சேர்ந்ததுதான். வீடியோவில் இருப்பவர் உங்களைப் பார்ப்பதில்லை. உங்கள் கம்பி துளைக்குள் முழுவதும் போகவில்லை, சரியான கம்பி இல்லாமல் ஸ்குரூ டிரைவரைச் செருகியிருக்கிறீர்கள், தலையைத் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தொழிலாளி ஒருவர் தன் மூத்தவர் பக்கத்தில் நின்று பழகியிருப்பார். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பழக்கத்துக்கான கூலி. "அரை நாள்கூட ஆகவில்லை, இவ்வளவா?" என்று கேட்காதீர்கள். சீக்கிரம் முடிகிறது என்றால் அவருக்கு வேலை தெரிகிறது என்று அர்த்தம்.

அதிகப் பணம் பறிக்கிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு மருந்து நாமே கம்பியைப் பிடிப்பது இல்லை, விஷயம் தெரிந்து பேசுவது. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சுழற்சிக்கான ஸ்பிரிங் என்று கேளுங்கள். ஒரு முறை திறந்து மூடினால் ஒரு சுழற்சி. சாதாரண ஸ்பிரிங் 10,000 சுழற்சிக்குச் செய்யப்படுகிறது. ஒரு நாளைக்கு 4 முறை என்றால் 2,500 நாள், ஏழு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டில் ஒன்று அறுந்தால் மற்றதற்கும் அதே வயது. இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னால் அது ஏமாற்று இல்லை.

உங்கள் கைக்கு வேலை வேண்டுமா? இருக்கிறது. கதவை மூடிவிட்டு, சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்து, கையால் மெதுவாகத் தூக்குங்கள். பாதி உயரத்தில் கதவு நிற்க வேண்டும். தானாக இறங்கினாலோ ஏறினாலோ ஸ்பிரிங் சரியில்லை, ஆளைக் கூப்பிடுங்கள். எடுத்த எடுப்பிலேயே கதவு கனத்தால் மேற்கொண்டு தூக்க வேண்டாம். அடுத்து, தரையிலிருந்து அரை அடிக்குள் இருக்கும் ஒளிக்கண்களைத் துடைத்து வையுங்கள். 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு மோட்டார்களில், கதவுக்கு அடியில் ஆள் சிக்காமல் காக்கும் இத்தகைய ஏற்பாடு அமெரிக்காவில் கட்டாயம். கதவு இறங்கும்போது ஒரு துடைப்பத்தை நீட்டி மறைத்துப் பாருங்கள். உடனே நின்று திரும்ப ஏற வேண்டும்.

இனி பெற்றோருக்கான பாடம். பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். பகலில் வீட்டில் இருப்பது நீங்களும் குழந்தையும்தான். ஒரு நாள் கேரேஜ் பக்கம் வெடி வெடித்தது போலச் சத்தம் கேட்கலாம். போய்ப் பார்த்தால் கதவுக்கு மேலே ஸ்பிரிங் நடுவில் இடைவெளி விட்டு இரண்டாகக் கிடக்கும். அப்போது பொத்தானை அழுத்தாதீர்கள்; அந்தப் பாரத்தைத் தனியாக இழுக்கவென்று மோட்டார் செய்யப்படவில்லை. கதவு திறந்த நிலையில் இருந்தால் சிவப்புக் கயிற்றைத் தொடவே கூடாது. பிடிப்பு விட்டதும் கதவு விழுந்துவிடும். அடியில் போகாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, பிள்ளைக்குப் போன் போடுங்கள். மற்ற நாள்களிலும், இறங்கும் கதவுக்கு அடியில் ஓடும் விளையாட்டுக்கு இடம் கொடுக்காதீர்கள். பலகைகள் மடியும் இடுக்கில் சின்ன விரல் போகாமல் பாருங்கள்.

ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1676-இல் ஒரு விதியை எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678-இல் விடையைச் சொன்னார். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசை என்பதுதான் அந்த விடை. சுருள்வில் தராசில் கல்லைத் தொங்கவிட்டு வகுப்பில் நாம் பார்த்தது அதுவே. தேர்வுக்காகப் படித்த அந்த ஒரு வரி, இன்று உங்கள் கையையும் கண்ணையும் காப்பாற்றினால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

டெக்சாஸ் தம்பி, ஆளைக் கூப்பிட்டு மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருப்பவர்களும் தாராளமாக எழுதலாம். முன்பு போலவே கையை உயர்த்திவிட்டுப் பேசுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்