பாஸ் அவுட்டா, மயக்கமா?

வாட்ஸ்அப்பில் வர்ற வேலை விளம்பரங்களைப் பாருங்க. '2025 பாஸ்டு அவுட் மட்டும்' என்று இருக்கும். வடபழஞ்சி எல்காட் பார்க்குக்கு இன்டர்வியூ போனாலும் 'எப்ப பாஸ் அவுட்?' என்றுதான் கேட்பாங்க. அதே பதிலை ஒரு அமெரிக்க கிளையன்ட்டிடம் சொன்னால், 2025-ல் நாம மயங்கி விழுந்ததாகத்தான் அவர் நினைப்பார்.

'பாஸ் அவுட்' என்றால் அங்கே முதல் அர்த்தம் மயங்கி விழுவது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ராணுவப் பயிற்சியை முடிப்பதற்கும் அதே சொல்தான். சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடிக்கும்போது நடக்கிற 'பாஸிங் அவுட் பரேட்' அந்த வகை. நாம காலேஜ் முடிக்கிறதுக்கும் அதையே சொல்றோம். இன்னொன்றும் இருக்கு: கிளாஸில் பேப்பரைப் 'பாஸ் அவுட்' பண்ணினால், எல்லாருக்கும் கொடுப்பது. அந்த அர்த்தத்தில் நடுவே ஒரு சொல் நுழையும், 'பாஸ் தெம் அவுட்' என்று. மயக்கத்தில் அப்படி எதையும் நுழைக்க முடியாது.

இதை பிளேஸ்மென்ட் டிரெய்னிங்கில் எப்படிச் சொல்லித் தர்றாங்க? ஒரு பிடிஎஃப், இடது பக்கம் ஃபிரேசல் வெர்ப், வலது பக்கம் ஒரே ஒரு அர்த்தம். மனப்பாடம் பண்ணு, டெஸ்ட் எழுது. மேலே சொன்ன நாலு அர்த்தத்தில் மூணு அங்கேயே காணாமப் போயிரும்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த பசங்க இந்த லிஸ்ட்டைப் பார்த்துத்தான் மிரள்றாங்க. ஆனா 'ஹெச்ஓடிகிட்ட போட்டுக் கொடுத்துட்டான்' என்று சொன்னா, எதைப் போட்டான், எதைக் கொடுத்தான்னு எவனாவது கேட்கிறானா? 'வாங்கிக் கட்டிக்கிட்டான்' என்றால் யாரும் கடையைத் தேடுறதில்லை. இதையெல்லாம் நாம எந்த லிஸ்ட்டிலும் படிக்கலை. யாரோ யாரையோ பற்றிச் சொல்லும்போது, சந்தர்ப்பத்தோட சேர்த்துக் காதில் விழுந்தது. ஃபிரேசல் வெர்ப்பும் அதே ஜாதிதான். ஒரு நாளைக்கு ரெண்டு போதும், ஆனா யார் யாரிடம் எப்போ சொல்றாங்கன்னு முழு வாக்கியமா எடுத்துக்கணும். சப்டைட்டிலோட ஒரு சீரிஸ் பார்த்தாலே நிறைய மாட்டும்.

அதுக்காக 'பாஸ் அவுட்' சொல்றவனைப் பார்த்துச் சிரிக்கிறவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. இந்தியா முழுக்கப் புரியுற சொல்லை 'தப்பு இங்கிலீஷ்' என்று தள்ள என்ன இருக்கு? நண்பனிடம் தாராளமா சொல்லுங்க. ரெஸ்யூமிலும் வெளிநாட்டு மெயிலிலும் மட்டும் 'கிராஜுவேட்டட் இன் 2025' என்று எழுதிருங்க.