குறுக்கெழுத்தும் குதிரைச் சேணமும்

குறுக்கெழுத்துப் புதிர் அமைப்போர்க்குக் குதிரை ஒரு காமதேனு. மூன்று கட்டங்கள் எஞ்சி நிற்குமாயின், ‘குதிரைக்கு இடுவது’ என்றொரு குறிப்பை எழுதி ஓய்ந்துவிடுகின்றனர். விடை சேணமோ, லாடமோ, கலணையோ, லகானோ? நான்கும் மும்மூன்று எழுத்தே. முன்னிரண்டும் மகர மெய்யில் முடிதலால், இறுதிக் கட்டத்தைக் கடந்து செல்லும் சொல்லும் ஐயத்தை முற்றும் தீர்க்கமாட்டாது. இத்தகைய குறிப்பு அறிவுக்கு வைத்த சோதனையன்று. சீட்டுக் குலுக்கலே என்பது எமது துணிபு.

1913 டிசம்பர் 21-ஆம் நாள் ஆர்தர் வின் என்பார் நியூயார்க் வேர்ல்டு இதழில் இப்புதிரை வெளியிட்டபோது அது வெறும் பொழுதுபோக்கு. 1930-களில் ஆனந்த விகடன் முதலிய இதழ்களின் போட்டிகளால் அது தமிழர் இல்லங்களுட் புகுந்தது; பரிசுப்பணமும் உடன் புகுந்தது. பிற்காலத்தில், 1955-ஆம் ஆண்டுச் சட்டம் மாதம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுடைய போட்டிகளை விலக்கிற்று. அது நிற்க. எமது கவலை பணத்தைப் பற்றியதன்று, சொற்களைப் பற்றியது.

1781-இல் பரங்கிப்பேட்டைப் போர்க்களத்தில் ஐதரலியின் குதிரைப்படை நின்றது. சிதம்பரத்து நிருத்த சபையோ கற்குதிரைகள் ஈர்க்கும் தேராகவே அமைந்துள்ளது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் தில்லையை அடைந்த வரலாற்றை யாவரும் அறிவர். ஆயினும், கடலூரிலும் சிதம்பரத்திலும் இன்று நம் மாணவருள் அங்கவடியிற் கால் வைத்தவர் எத்துணைப் பேர்? பொருள் கண்ணை விட்டு மறைந்தபின் சொல்லைக் காப்பது ஏடே. கடிவாளம் பிழைத்துக்கொண்டது, யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை ஆலயத்திற் கேட்டவர், குதிரையேறாதவராயினும், அதனை அறிவர். அங்கவடிக்கு அத்தகைய புகலிடம் ஏது?

புதிர் அதற்குப் புகலிடமாகலாம். ‘ஏறுவோன் கால் பதிக்கச் சேணத்தினின்று தொங்கும் வளையம்’ என எழுதின், ஐந்து கட்டங்களும் ஐயமின்றி நிரம்பும். அப்பொருளைக் காணாதவனும் கண்டவனாவான். குறிப்பெழுதுவோர் அரைநாழிகை கூடுதலாக உழைத்தல் வேண்டும், அவ்வளவே.

லகானும் சவுக்கும் பாரசீக வழிவந்தனவாதலின் அவற்றைக் கட்டத்தினின்று விலக்குக என்பர் தனித்தமிழன்பர் சிலர். யாம் உடன்படோம். ஜட்கா வண்டிக்காரர் நாவிற் பழகித் தமிழான சொற்களை விலக்கின், அவ்வண்டியோடு அச்சொற்களையும் இழப்போம். கலினம் என்னும் பழஞ்சொல்லும் வரட்டும், லகானும் வரட்டும். இரண்டையும் ‘குதிரைக்கு இடுவது’ என்று மாத்திரம் எழுதவேண்டா.