பெருக்கம் மட்டும் பார்த்து இணையைத் தேர்ந்தெடுக்கலாமா?

படிவம் 5 இயற்பியலில் டிரான்சிஸ்டர் பாடம் முடிந்ததும் ஆர்வமுள்ள மாணவர்கள் செய்து பார்க்க விரும்புவது ஒரு மின்வழங்கி. ஒரு ஸீனர் டயோடு, ஒரு பவர் டிரான்சிஸ்டர், வெளியே நிலையான மின்னழுத்தம். ஒரு டிரான்சிஸ்டர் போதாதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "டார்லிங்டன் இணை போடுவோம், சார்" என்பார்கள். ஏன்? "ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கும்." பதில் சரிதான். ஆனால் அந்தக் காரணத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது போதாது என்பது என் கருத்து.

கணக்கைப் பாருங்கள். 2 ஆம்பியர் வேண்டும், பவர் டிரான்சிஸ்டரின் பெருக்கம் 40 என்றால் அதன் பேஸுக்கு (பாடநூலில் 'தாப்பாக்' என்று படித்தது இதுவே) 50 மில்லி ஆம்பியர் தேவை. சிறிய ஸீனர் இதைத் தாங்காது. முன்னால் பெருக்கம் 100 கொண்ட சிறிய டிரான்சிஸ்டரை வைத்தால் அரை மில்லி ஆம்பியர் போதும். இரண்டும் என்பிஎன் வகையாக இருந்தால் அது டார்லிங்டன் இணை. பெல் ஆய்வுக்கூடத்தின் சிட்னி டார்லிங்டன் இதற்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். சிறியது என்பிஎன், பெரியது பிஎன்பி என்று மாற்றி இணைத்தால் அது சிக்லாய் இணை. ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் சிக்லாயின் பெயர் அதற்கு. இதன் பெருக்கமும் ஏறக்குறைய அதே நாலாயிரம்தான். பிறகு பெருக்கத்தை வைத்து எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேறுபாடு மின்னழுத்தத்தில் இருக்கிறது. டார்லிங்டனில் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே இரண்டு சந்திகள், சுமார் 1.3 வோல்ட் போய்விடும். சிக்லாயில் ஒன்றுதான், 0.65 வோல்ட். 12 வோல்ட் ஸீனர் வைத்தால் முதலாவதில் 10.7 வோல்ட் கிடைக்கும், இரண்டாவதில் 11.35.

அதைவிட முக்கியம் சூடு. ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஒரு சந்தியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் குறைகிறது. டார்லிங்டனில் நன்றாகச் சூடாகும் பெரிய டிரான்சிஸ்டரின் சந்தி இந்தக் கணக்கில் நேராக வருகிறது. அது 50 பாகை சூடேறினால் வெளியீடு 0.1 வோல்ட் ஏறிவிடும். சிக்லாயில் கணக்கில் வருவது குளிர்ச்சியாக இருக்கும் சிறிய டிரான்சிஸ்டர் மட்டும். அதையும் ஸீனரையும் ஹீட் சிங்க்கிலிருந்து தள்ளி வையுங்கள். ஸீனரும் சூட்டில் மாறும். ஆனால் சிக்லாய் போட்டதால் மொத்தச் சூடு குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது இரண்டுக்கும் பொது.

சிக்லாயிலும் தொல்லை உண்டு. இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரு பின்னூட்ட வளையமாக அமைவதால், நீண்ட கம்பிகளோடு பிரெட்போர்டில் கட்டினால் மிக உயர்ந்த அதிர்வெண்ணில் அலைவு தொடங்கக்கூடும். மல்டிமீட்டர் இதைக் காட்டாமல் போகலாம், அலைக்காட்டியில் தெரியும். கம்பிகளைச் சுருக்குவதும், பெரிய டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில நூறு ஓம் மின்தடை வைப்பதும் உதவும். டார்லிங்டனோ டிஐபி122 போல மூன்று கால்களோடு ஒரே உறையில் கடையில் கிடைக்கிறது. பழகுநருக்கு அது பெரிய வசதி.

இதே தேர்வு நீங்கள் வாங்கும் சீராக்கிச் சில்லுகளுக்குள்ளும் நடந்திருக்கிறது. 7805-இன் வெளியீட்டில் டார்லிங்டன் இணை. 5 வோல்ட் தர அதற்குச் சுமார் 7 வோல்ட் வேண்டும். ஆர்டுயினோ பலகைகளில் காணும் 1117-இல் பிஎன்பி ஒன்று என்பிஎன்னை இயக்குகிறது, அதாவது சிக்லாய் குடும்பம். அதற்கு 6.2 வோல்ட் போதும். உங்கள் ரோபோவில் 1.2 வோல்ட் மின்கலங்கள் ஆறு இருந்தால் மொத்தம் 7.2 வோல்ட். மின்கலம் கொஞ்சம் இறங்கியதுமே 7805 தடுமாறும். 1117 இன்னும் நெடுநேரம் ஓடும். ஆனால் 7805 போல அல்லாமல், 1117 நிலையாக இயங்க வெளியீட்டில் மின்தேக்கி கட்டாயம் வேண்டும்.

ஆகவே, வெளியீடு பத்தில் ஒரு வோல்ட் நகர்ந்தால் பரவாயில்லை, உள்ளீடு தாராளமாக இருக்கிறது என்றால் டார்லிங்டனே போதும். துல்லியம் வேண்டும், ஆய்வுக்கூடத்தில் அலைக்காட்டியும் உண்டு என்றால் நான் சிக்லாயைத்தான் சொல்வேன். எதுவானாலும், செயல்திட்ட அறிக்கையில் "பெருக்கம் அதிகம்" என்று ஒரு வரி எழுதி நிறுத்தாதீர்கள். முழுச் சுமையில் தொடக்கத்தில் ஓர் அளவீடு, 20 நிமிடம் கழித்து ஓர் அளவீடு. இரண்டையும் அட்டவணையில் போடுங்கள்.