பயிர் காக்கும் துப்பாக்கி: சட்டம் கொடுத்ததை அலுவலகம் பறிக்கலாமா?



துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ரவுடிக்கும் ரியல் எஸ்டேட்காரருக்கும்தான் துப்பாக்கி சொந்தம், கோவணாண்டிக்கு எதற்கு என்று ஆபீசில் கேட்கிறார்கள். காட்டோரத்தில் கடலை போட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பரணில் உட்கார்ந்து தகர டப்பா தட்டுகிறவனைப் போய்க் கேளுங்கள், எதற்கு என்று சொல்வான்.

லைசென்ஸ் வாங்கி, ஒழுங்காகப் புதுப்பித்து, வீட்டில் பூட்டி வைத்துப் பயிர் காக்கிற விவசாயிகள் நாங்கள். எங்களிடம் இருப்பது ஏ.கே. 47 அல்ல. பெரும்பாலும் வாய்வழியாக மருந்து போட்டு இடிக்கிற ஒற்றைக் குழல் துப்பாக்கி. ஒரு வேட்டு போட்டால் அடுத்த வேட்டுக்கு மறுபடி மருந்து இடிக்க வேண்டும். அதற்குள் பன்றிக்கூட்டம் அடுத்த ஊரைத் தாண்டிவிடும். இந்தச் சாமானைப் பார்த்துத்தான் அரசாங்கம் பயப்படுகிறது!

முதலில் ஒரு விஷயத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பயிர் காக்கத் துப்பாக்கி கேட்பது பிச்சை கேட்பதல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவை எடுத்துப் படியுங்கள். உண்மையாகப் பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து இடிக்கும் துப்பாக்கி கேட்கிற குடிமகனுக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரிக்குப் பட்டால் தோட்டா போடும் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. மறுப்பதற்கான காரணங்களை 14-வது பிரிவு சொல்கிறது: வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர், மனநிலை சரியில்லாதவர், பொது அமைதிக்குப் பங்கம் வரும் என்ற நிலை, இப்படி. இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது! ஒன்றரை ஏக்கர்க்காரனுக்கும் அம்பது ஏக்கர்க்காரனுக்கும் இதில் ஒரே சட்டம்தான்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? தாசில்தாரிடம் போனால் ஆர்.டி.ஓ. என்கிறார். ஆர்.டி.ஓ.விடம் போனால் போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை என்கிறார். ஸ்டேஷனில் போய் நின்றால், "உனக்கு யார்யா எதிரி?" என்று கேள்வி. எதிரிக்கு நாலு கால், ரெண்டு கொம்புப் பல் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். கடைசியில் வனத்துறை. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால் வன உயிரினச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் புது லைசென்ஸ் கிடையாது. மலையடிவாரத்தில் எவன் வீடு சரணாலயத்துக்குப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது? பன்றி வருகிற இடத்தில்தானே துப்பாக்கி வேண்டும்? பன்றியே வராத ஊரில் வாங்கி ஆணியில் மாட்டிவைக்கவா?

2016-ல் வந்த ஆயுத விதிகள் காலக்கெடு போட்டிருக்கின்றன. போலீஸ் 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்த 60 நாளில் லைசென்ஸ் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், 18-வது பிரிவுப்படி நாம் மேல்முறையீடு செய்யலாம். எத்தனை பேருக்கு அறுபது நாளில் பதில் வந்திருக்கிறது? பதிலே வராமல் இருக்கிற மனுதான் அதிகம். மறுத்தால் மேல்முறையீடு பண்ணுவான், பதிலே சொல்லாவிட்டால் என்ன பண்ணுவான்? இதுதான் அவர்கள் கண்டுபிடித்திருக்கிற சூட்சுமம்.

இப்படி வாசலை அடைத்ததால் காடு அமைதியாகிவிட்டதா? இல்லை. ராத்திரியில் கம்பி கட்டுகிறான், நேரடியாக லைனில் கொக்கி போடுகிறான். அவுட்டுக்காய் வைக்கிறான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் சிக்கி ஒரே இடத்தில் மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. 2020-ல் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்துச் சினையானை தண்ணீரில் நின்றபடியே செத்தது. பன்றிக்கு வைத்தது யானையின் வாய்க்குப் போய்விட்டது. யானை மட்டுமா? விடிகாலையில் தண்ணி கட்டப் போன விவசாயி, மாடு ஓட்டிப் போன பெண், பக்கத்துக் காட்டுப் பையன் என்று மின்வேலியில் மனிதர்களும் போகிறார்கள். செய்தித்தாளில் மூலையில் நாலு வரி வருகிறது, அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். கம்பிக்குக் கண் கிடையாது. அவுட்டுக்காய்க்கும் கண் கிடையாது. வைத்தவன் வீட்டில் தூங்குவான், சாவது யார் என்று விடிந்தால்தான் தெரியும். துப்பாக்கியைப் பிடித்தவன் பார்த்துத்தான் விசையை இழுக்க வேண்டும். அந்தத் துப்பாக்கிக்கு ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பருக்கு ஒரு ஆள் உண்டு, அந்த ஆளின் முகவரி ஸ்டேஷனில் உண்டு. எது ஆபத்து? அரசாங்கம் கண்ணுள்ளதைத் தடுத்துவிட்டுக் கண்ணில்லாததை ஊர் ஊராகப் பெருக்கியிருக்கிறது.

லைசென்ஸ் கிடைக்காத இடத்தில் கள்ளத் துப்பாக்கி வருகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மலைக்கிராமங்களில் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அவ்வப்போது அறிவிப்பு செய்கிறது. ஜனங்களும் ஊர்ப் பொது இடத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். நல்லதுதான். பட்டறையில் அடித்த குழல் வெடித்து விரல் போனவன், கண் போனவன் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு ஜெயில், 5 ஆண்டு வரை போகலாம். ஆகவே கள்ளத் துப்பாக்கியை நமது சங்கம் ஒருக்காலும் ஆதரிக்காது. ஆனால் ஒப்படைத்தவனிடம், "சட்டப்படி ஒன்று தருகிறோம், மனு கொடு" என்று எந்த அதிகாரியாவது சொன்னாரா?

பக்கத்து மாநிலங்களைப் பார்ப்போம். கர்நாடகாவின் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸே தேவையில்லை என்ற விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. மத்திய அரசு அதை 2019-ல் மறுபடி பத்து ஆண்டுக்கு நீட்டித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கைல் முகூர்த்தம் என்ற பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். குடகு என்ன போர்க்களமாகவா ஆகிவிட்டது? கேரள அரசு 2022-ல் பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற உள்ளூர்க்காரர்களையே அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

தமிழ்நாட்டிலும் பல வருஷம் கத்தியபிறகு 2025 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வருகிற பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு மேல் வந்தால் வனத்துறையினர் சுடுவார்கள். பன்றி என்ன டேப் பிடித்து அளந்துகொண்டா வருகிறது? ராத்திரி ரெண்டு மணிக்கு மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால், தகவல் சொல்லி, ஆள் வந்து சேருவதற்குள் கிழங்கு மிஞ்சுமா? உத்தரவை வரவேற்கிறோம். ஆனால் அதில் விவசாயியின் துப்பாக்கிக்கு இடமே இல்லை.

லைசென்ஸ் இருப்பதாலேயே பன்றியைச் சுட்டுவிட முடியாது என்பதை நம்மில் பலர் இன்னும் தெரிந்துகொள்ளவில்லை. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அனுமதியில்லாமல் கொன்றால் வன உயிரினச் சட்டத்தில் கேஸ். வெறும் வேட்டு போட்டு விரட்டத்தான் முடியும். உயிருக்கு ஆபத்து வந்து, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் மட்டும் குற்றமில்லை என்று 11-வது பிரிவு சொல்கிறது. அதே பிரிவு, நிற்கிற பயிருக்கு ஆபத்தான விலங்கைக் கொல்ல அதிகாரி எழுத்தில் அனுமதி தரலாம் என்றும் சொல்கிறது. அந்த அனுமதியைத்தான் லைசென்ஸ் உள்ள விவசாயிகளுக்குப் பருவத்துக்குப் பருவம் கொடு என்கிறோம்.

அடுத்தது தேர்தல் கொடுமை. 2024-ல் மார்ச் 16 அன்று தேர்தலை அறிவித்தார்கள். நமக்கு ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டு முடிந்தது. ஆனால் எண்ணியது ஜூன் 4. அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில், பன்றி காட்டில்! யார் யார் துப்பாக்கியை வாங்கி வைக்க வேண்டும் என்று மாவட்ட அளவில் ஒரு குழு ஆளாளாகப் பரிசீலிக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் அறிவுறுத்தல். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், கலவரத்தில் சம்பந்தப்பட்டவர் போன்றவர்களைத்தான் முக்கியமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. நம் ஊர்களில் பரிசீலனையாவது ஒண்ணாவது, "எல்லாரும் கொண்டாந்து வை" என்று ஒரே வார்த்தை.

அமெரிக்கா மாதிரி வீட்டுக்கு வீடு துப்பாக்கி கேட்கிறோமா? இல்லவே இல்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளைச் சுடுகிற அந்த நிலைமை நமக்கு வேண்டாம். கைத்துப்பாக்கி வேண்டாம், இடுப்பில் செருகிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற கௌரவம் வேண்டாம். பயிற்சி எடு என்றால் எடுக்கிறோம். பூட்டி வை என்றால் வைக்கிறோம். சாதிச் சண்டை உள்ள ஊர்களில் அதிகாரிகளுக்குப் பயம் இருப்பதும் புரிகிறது. அப்படிப்பட்ட கேஸ் உள்ளவனுக்குக் கொடுக்காதே. லைசென்ஸை வைத்து மான் வேட்டை ஆடுகிறவன் நம் ஆளாகவே இருந்தாலும் 17-வது பிரிவில் ரத்து செய், சங்கம் அவனுக்காக வராது. ஒருத்தன் தப்புக்கு ஊரையே தண்டிக்காதே.

அப்பா இறந்தவுடன் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள் பலர். 2016 விதிகளின்படி வாரிசு அதே துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாம். லைசென்ஸ்தாரருக்கு 70 வயதானாலோ, துப்பாக்கி வைத்து 25 ஆண்டு ஆனாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்குக் கேட்கலாம். துருப்பிடித்து வீணாகும் முன்னால் மனு போடுங்கள்.

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லா மனுக்களையும் ஒன்றாக ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். சிட்டா, அடங்கல், பயிர்ச் சேதப் போட்டோ, ஏற்கெனவே மனு கொடுத்திருந்தால் அதன் ரசீது, மறுத்த கடிதம் இருந்தால் அதுவும் ஒரு நகல் எடுத்து வாருங்கள். புது மனு கொடுப்பவர்கள் தேதி போட்ட ரசீது வாங்காமல் ஆபீசை விட்டு நகராதீர்கள், அறுபது நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம். பெண்கள் பெயரில் பட்டா இருந்தால் அவர்களே மனு போடலாம், அவசியம் அழைத்து வாருங்கள். துப்பாக்கியை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.