ஆக்சிடென்ட் என்று எழுதாதீர்கள்

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். ரிடையர் ஆனாலும் சிவப்பு மை பேனா கையை விட்டுப் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சண்டை ஒரே ஒரு ஆங்கிலப் பெயர்ச்சொல்லோடு: ஆக்சிடென்ட்.

லத்தீனில் 'வந்து விழுவது' என்ற பொருள் தரும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. தானாக விழுந்தது, யாரும் தள்ளவில்லை என்ற சாயல் அதற்கு உண்டு. 'பை ஆக்சிடென்ட்' என்றால் தற்செயலாக. 1928இல் ஃபிளெமிங்கின் ஆய்வுக்கூடத் தட்டில் பூஞ்சை விழுந்து பெனிசிலினுக்கு வழி பிறந்தது, அது ஆக்சிடென்ட். குடித்துவிட்டு எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வந்து ஒரு உயிரைப் பறித்தவன் செய்ததற்கும் அதே சொல்லா?

'ஹீ மெட் வித் அன் ஆக்சிடென்ட்.' நம் எல்லோருக்கும் மனப்பாடமான வாக்கியம். வகுப்பில் கேட்பது போலவே கேட்கிறேன். எழுவாய் யார்? அடிபட்டவன். வினை என்ன? சந்தித்தான். ஏதோ அவனே தேடிப்போய்ச் சந்தித்துவிட்டு வந்த மாதிரி! லாரி எங்கே? ஓட்டியவன் எங்கே? வாக்கியத்திலேயே இல்லை. தமிழிலும் இதே கதைதான். 'கட்டுப்பாட்டை இழந்த பேருந்து' என்று எழுதுகிறார்கள். பேருந்துக்கு ஏதப்பா கட்டுப்பாடு? ஓட்டுநர் தூங்கி எத்தனை மணி நேரமாயிற்று, பிரேக்கை யார் பார்த்து அனுப்பினார்கள் என்று கேட்கவிடாமல் அந்த ஒரு பெயரெச்சம் வாயை அடைத்துவிடுகிறது.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்ததே, பார்த்திருப்பீர்கள். நமக்குப் பேரன் முறையாகும் பையன். ஹெல்மெட் போட்டிருந்தான், அவன் பக்கத்தில்தான் போனான். டிப்பர் லாரி தப்பான பக்கம் ஏறி வந்தது. அதற்குக் கீழே நாற்பது பேர் 'சேட் ஆக்சிடென்ட்', 'விதி' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் விதியா தப்பான பக்கம் வந்தது?

'சார், சட்டத்திலேயே அந்தச் சொல்தானே இருக்கிறது' என்று வக்கீலாக இருக்கும் என் மாணவர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. அதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். 2024 வரை நடப்பில் இருந்த, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 80ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். சட்டப்படியான செயலை, சட்டப்படியான முறையில், உரிய கவனத்தோடு செய்யும்போது தற்செயலாக நேர்ந்தால் அது குற்றமாகாது என்றது. அந்தப் பிரிவின் தலைப்புச் சொல்லே ஆக்சிடென்ட்தான். உரிய கவனம் இருந்தால்தான் அந்தச் சொல் பொருந்தும். விசாரணைக்கு முன்பே நாம் அதை எழுதிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்கிறோம்.

இது கிழட்டு வாத்தியாரின் பிடிவாதம் மட்டுமல்ல. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001லேயே இந்தச் சொல்லைத் தன் பக்கங்களில் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பெரும்பாலான காயங்கள் முன்கூட்டியே கணிக்கக்கூடியவை, தடுக்கக்கூடியவை என்பது அவர்கள் சொன்ன காரணம். அசோசியேட்டட் பிரஸ் 2016இல், அலட்சியம் என்ற குற்றச்சாட்டு இருக்கும் இடத்தில் இதைத் தவிர்க்கச் சொன்னது. நம் நாட்டில் 2022இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 462. மத்திய அரசின் கணக்கு இது. பத்தில் ஏழு மரணத்துக்கு அதிவேகம் காரணம் என்று அதே கணக்கு சொல்கிறது. ஒவ்வொரு நாளும் நடப்பதற்குத் தற்செயல் என்றா பெயர்?

சாலை மட்டுமா? கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் ஆளை இறக்கிவிட்டு, அவர் இறந்ததும் 'விஷவாயு விபத்து' என்கிறார்கள். வாயு அங்கே எப்போதும் இருக்கிறது. அவரை இறக்கியது ஒரு மனிதர், அந்த மனிதருக்குத்தான் செய்தியில் இடமில்லை. பட்டாசு ஆலைச் செய்திகளையும் இதே கண்ணோடு படித்துப் பாருங்கள்.

மாற்றுச் சொல்லா? கிராஷ் இருக்கிறது, கொலிஷன் இருக்கிறது. (பழைய பத்திரிகை ஆசிரியர்கள், இரண்டும் நகர்ந்தால்தான் கொலிஷன், நின்ற மரத்தில் மோதினால் அது கொலிஷன் அல்ல என்பார்கள். அந்த அளவுக்கு நான் போகவில்லை.) மிஸ்ஹாப் என்று எழுதாதீர்கள், அது காபி கொட்டுவதற்கு. இன்சிடென்ட் அதைவிட மோசம், கம்பெனிக்காரர்கள் விரலை நீட்டாமல் தப்பிக்க வைத்திருக்கும் சொல். தமிழில் 'மோதியது', 'மோதிக் கொன்றது' என்று வினையாகவே எழுதுங்கள். வினை வந்தால் எழுவாய் தேவைப்படும், லாரி தானாக வாக்கியத்துக்குள் வந்து நிற்கும்.

அந்தப் பையனின் பதினாறாம் நாள் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லையாம். மாப்பிள்ளை, அதில் 'சாலை விபத்தில் அகால மரணம்' என்று போடாதீர்கள். 'தவறான பக்கம் வந்த லாரி மோதி இறந்தார்' என்று போடுங்கள். அச்சகத்தில் தயங்கினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.